சீன வீட்டுப் படையல்: முன்னோருக்கும் வழிப்போக்கு ஆவிகளுக்கும் படைக்கும் முறை, ஒரு முழுமையான வழிகாட்டி

இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளன்று சீன வீடுகளில் இரண்டு மேசை போடுவார்கள். ஒன்று வீட்டுக்குள், முன்னோர்களுக்கு. இன்னொன்று வாசலுக்கு வெளியே, கேட்க நாதியில்லாத ஆவிகளுக்கு. இரண்டிலும் சாப்பாடு உண்டு, ஊதுபத்தி உண்டு, கடைசியில் எரிக்கத் தாள் உண்டு, எரித்தது அவர்களுக்குப் பணமாகப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. எந்த மேசைக்கு எது, எந்த நேரத்தில், யாருக்கு முதலில் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. பழம் எத்தனை, பத்தி எத்தனை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதில் பாதி ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இடமும் வரிசையும் மட்டும் அவ்வளவு சுலபமாக மாறாது.

நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் ஹொக்கியன் வழக்கம், அதாவது தென்கிழக்குச் சீனாவின் புஜியன் பகுதியிலிருந்து வந்தவர்களுடையது. தைவான், சிங்கப்பூர், பினாங்கு என்று மூன்று இடத்திலும் வேர் ஒன்றுதான். கான்டனீஸ் (தென் சீனாவின் குவாங்டொங் பகுதியினர்) வீடுகளில் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன். சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், மாமியாருக்குக் கூடமாட உதவ வேண்டியவர்கள், பக்கத்து வீட்டில் என்னதான் நடக்கிறது என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் எல்லாருக்கும் இது பயன்படும். உங்கள் வீட்டுப் பெரியவர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதையே செய்யுங்கள். இதற்கென்று அச்சடித்த சட்டப்புத்தகம் கிடையாது.

முதலில் ஆள் தெரிய வேண்டும்

வணங்கப்படுபவர்கள் மூன்று வகை: தெய்வங்கள், முன்னோர்கள், ஆவிகள். தெய்வங்கள் விண்ணுலக அரசாங்கத்தின் அதிகாரிகள். பதவி உண்டு, பதவி உயர்வும் உண்டு. முன்னோர்கள் நம் வீட்டு ஆட்கள். ஆவிகள் அடுத்தவர் வீட்டு ஆட்கள், அல்லது வீடே இல்லாதவர்கள்: பிள்ளை இல்லாமல் போனவர்கள், போரிலும் கடலிலும் இறந்தவர்கள், எங்கோ வெளியூரில் செத்து எடுத்துப்போட ஆளில்லாதவர்கள்.

ஆக, ஒருவர் ஆவியா முன்னோரா என்பது அவருடைய குணத்தைப் பொறுத்தது இல்லை. உங்கள் தாத்தா உங்கள் வீட்டில் முன்னோர். எதிர்வீட்டுக்காரருக்கு அவர் வழியில் போகிற ஒரு ஆவி, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் ரொம்ப அடிபட்டவர்கள் கல்யாணமாகாமல் இறந்த பெண்கள். பழைய வழக்கப்படி பிறந்த வீட்டுப் பலிபீடத்தில் அவர்களுடைய பெயர்ப்பலகைக்கு (இறந்தவர் பெயரை எழுதி வைத்து வணங்கும் பலகை) இடம் கிடையாது, புகுந்த வீடோ இல்லை. அதனால் பலகையைக் கோயிலில் கொண்டுபோய் வைப்பதும், இறந்த பிறகும் ஒரு கல்யாணம் செய்து வைப்பதும் நடந்தன. இப்போது பல குடும்பங்கள் இதைத் தளர்த்திவிட்டன. தளர்த்தியதுதான் நியாயம்.

பேச்சு வழக்கில் யாரும் 'பேய்' என்று சொல்ல மாட்டார்கள், அதுவும் ஏழாம் மாதத்தில். ஹொக்கியனில் 'ஹோ ஹியா தி', அதாவது நல்ல சகோதரர்கள் என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

எப்போது படைப்பது

சீன நாட்காட்டி பிறைக் கணக்கு. ஏழாம் மாதம் முதல் நாள் பாதாளத்தின் கதவு திறக்கிறது, கடைசி நாள் மூடுகிறது, நடுவில் 15ஆம் நாள் பெரிய படையல். 2026இல் முதல் நாள் ஆகஸ்ட் 13, பதினைந்தாம் நாள் ஆகஸ்ட் 27, கதவு மூடும் நாள் செப்டம்பர் 10. சில ஆண்டுகளில் ஒரு மாதம் இரட்டிக்கும். 2006இல் ஏழாம் மாதமே இரட்டித்தது. கான்டனீஸ் வீடுகள் பலவற்றில் ஒரு நாள் முன்னாடியே, 14ஆம் நாள் மாலையிலேயே படைத்து முடித்துவிடுவார்கள்.

இந்தப் பதினைந்தாம் நாளுக்குப் பின்னால் இரண்டு மதங்கள் இருக்கின்றன. தாவோ மரபில் அது பூமியின் அதிகாரியான தெய்வத்தின் பிறந்தநாள். பாவங்களை மன்னிக்கும் நாள். பௌத்தத்தில் அது உல்லம்பனா. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் (சீனத்தில் மூலியன்) இறந்துபோன தன் தாயைத் தேடிப் போகிறார். அவள் பசிப்பிணி கொண்ட ஆவியாக அலைகிறாள். மகன் கொடுத்த சோறு வாய்க்குப் போகும் முன் நெருப்புக் கங்காக மாறுகிறது. தனியொரு மகனால் தீர்க்கக்கூடிய காரியம் இல்லை இது, மழைக்காலத் தவம் முடித்து வரும் துறவிகள் எல்லாருக்கும் ஏழாம் மாதம் 15ஆம் நாள் தானம் கொடு, அந்தப் புண்ணியம் அவளைக் கரையேற்றும் என்கிறார் புத்தர். தாயைத் தேடிப் போனவன் ஊருக்கே சோறு போட வேண்டி வந்ததால்தான் இந்த நாளில் சொந்த முன்னோருக்கும் தெரியாத ஆவிக்கும் சேர்த்துப் படைக்கிறார்கள்.

முன்னோர்களுக்கு மட்டும் என்று பார்த்தால் ஆண்டில் இன்னும் பல நாட்கள் உண்டு. ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் கல்லறை நாள், ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், டிசம்பர் 21, 22வாக்கில் வரும் குளிர்காலச் சூரியத் திருப்பம், புத்தாண்டுக்கு முந்தின நாள், அப்புறம் ஒவ்வொருவருடைய இறந்த திதி. ஆவிகளுக்கு ஏழாம் மாதம்தான் பெரிது. வியாபாரிகள் மட்டும் மாதம் இருமுறை கடை வாசலில் சின்னதாகப் படைப்பார்கள்.

கடையில் வாங்க வேண்டியவை

சடங்குப் பொருள் விற்கும் கடையில் போய் நின்றால் தலை சுற்றும். தாளிலேயே அத்தனை ரகம். அடிப்படை இவ்வளவுதான்: நடுவில் பொன்னிறத் தகடு ஒட்டியது தங்கத் தாள், ஹொக்கியனில் 'கிம் ஜுவா'. அது தெய்வங்களுக்கு. வெள்ளித் தகடு ஒட்டியது 'கின் ஜுவா'. அது இறந்தவர்களுக்கு. தைவானில் வெள்ளியிலேயே பெரிய தாள் முன்னோருக்கு, சிறிய தாள் ஆவிகளுக்கு. கடைக்காரரிடம் "எனக்குத் தாள் வேண்டும்" என்று சொல்லாதீர்கள். "வீட்டு முன்னோருக்கு ஒரு பங்கு, வாசலுக்கு ஒரு பங்கு" என்று சொன்னால் அவரே கட்டிக் கொடுத்துவிடுவார்.

நல்ல சகோதரர்களுக்கென்று தனியாக ஒரு தாள் உண்டு. மலிவான மெல்லிய தாளில் சட்டை, கால்சட்டை, செருப்பு, சீப்பு, கத்தரிக்கோல் எல்லாம் அச்சடித்திருக்கும். அதை மறக்க வேண்டாம், அவர்களுக்கு உடுத்தத் துணி கொடுக்க வேறு யாரும் இல்லை. நரக வங்கி நோட்டு, காகித கைப்பேசி, காகித கார், காகித பங்களா எல்லாம் விருப்பத்தைப் பொறுத்தது. கோடிக்கணக்கில் எண் போட்ட நோட்டுகளைப் பார்த்தால் எனக்குப் பாதாளத்தில் பணவீக்கம் எப்படியிருக்கும் என்றுதான் தோன்றும். பழைய ஆட்கள் தகடு ஒட்டிய தாளைத்தான் நம்புகிறார்கள்.

வெள்ளித் தாளை அப்படியே எரிக்காமல் மடித்து வைப்பது மரியாதை. ஒவ்வொரு தாளையும் தகடு வெளியே தெரியும்படி குழலாகச் சுருட்டி, இரண்டு முனையையும் உள்ளே மடக்கிவிட்டால் பழைய காலத்து வெள்ளிக்கட்டி மாதிரி படகு வடிவத்தில் நிற்கும். ஒன்று மடிக்கச் சில நொடிதான். ஆனால் ஒரு பை நிறைய வேண்டுமே! அதனால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சில நாள் முன்னாலிருந்தே தொலைக்காட்சி பார்த்தபடி மடித்துக்கொண்டிருப்பார்கள். விரல் நுனியெல்லாம் தகட்டுத் தூள் மினுங்கும். புதிதாக வந்த மருமகளோ மருமகனோ முதலில் கற்றுக்கொள்ளும் வேலை இதுதான், மொழி தெரியாவிட்டாலும் உட்கார்ந்து மடிக்கலாம்.

உள் மேசை: முன்னோருக்கு

காலையில் தெய்வத்துக்கு முதல் வணக்கம். வீட்டுப் பலிபீடத்தில் தெய்வமும் முன்னோரும் அடுத்தடுத்து இருப்பார்கள். பீடத்திலிருந்து வாசலைப் பார்த்து நிற்பதாக எண்ணிக்கொண்டால் இடப்பக்கம் தெய்வம், வலப்பக்கம் முன்னோர், இடப்பக்கமே உயர்ந்தது. தெய்வத்துக்கு மூன்று பத்தி, தேநீர், பழம். சிங்கப்பூர், மலேசிய வீடுகளில் துவா பே கோங் என்ற மண் காக்கும் சாமிக்கும் இதே நேரத்தில் பத்தி வைத்துவிடுவார்கள். இது முடிந்த பிறகுதான் முன்னோர் பக்கம் வர வேண்டும். நேரம் நண்பகலுக்கு முன். ஏனென்றால் படைத்த சாப்பாடுதான் அன்றைக்கு வீட்டின் மதியச் சாப்பாடு.

மேசையைப் பலிபீடத்துக்கு முன்னால் போடுங்கள். சாப்பிட வருகிறவர்கள் குடும்பத்து ஆட்கள், ஆகவே சமைத்த சாப்பாடு, சூடாக, உடனே எடுத்துச் சாப்பிடும் பதத்தில் இருக்க வேண்டும். தெய்வத்துக்குக் கோழியைத் தலை காலோடு முழுசாக வைப்பார்கள். முன்னோருக்கு அப்படித் தேவையில்லை, வெட்டிக் குழம்பு வைத்தே படைக்கலாம். கோழி, பன்றி, மீன் மூன்றும் இருந்தால் நிறைவு. தைவானில் ஆறு அல்லது பன்னிரண்டு கிண்ணம் என்று கணக்குச் சொல்வார்கள். இறந்தவர் எதை விரும்பிச் சாப்பிட்டாரோ அது கட்டாயம் இருக்கும். தாத்தாவுக்குக் கறுப்புக் காப்பி, பாட்டிக்கு டுரியான் என்றால் மேசையில் அதுதான் முதலில் வந்து உட்காரும். குடும்பம் சைவமானால் படையலும் சைவம். மாட்டிறைச்சி பல ஹொக்கியன் வீடுகளில் தின்பதே இல்லை, அதனால் மேசைக்கும் வராது.

ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் சோறு, ஒரு சோடி சாப்பாட்டுக் குச்சி, ஒரு சின்னக் கோப்பை. குச்சியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். சோற்றில் செங்குத்தாகக் குத்துவது பிணத்தின் காலடியில் வைக்கும் சோற்றுக்குத்தான். சாதாரண நாளில் உணவகத்தில் அப்படிக் குத்தினாலும் சீனப் பெரியவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். பக்கத்தில் ஆங் கூ குவே (ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம்), தலை வெடித்து மலர்ந்த ஹுவாட் குவே, பழம்.

எல்லாம் வைத்தான பிறகு வீட்டுப் பெரியவர் பத்தி கொளுத்துகிறார். முன்னோருக்கு இரண்டு என்பார் பலர், மூன்று என்பாரும் உண்டு. நின்று, பத்தியை நெற்றி உயரத்துக்குத் தூக்கி, வாய்விட்டு அழைக்க வேண்டும். இன்ன குடும்பத்து முன்னோர்களே, இன்று இன்ன நாள், இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன எண் வீட்டிலிருந்து உங்கள் பேரன் அழைக்கிறேன், வந்து சாப்பிடுங்கள். முகவரி சொல்வது சும்மா இல்லை. வீடு மாறியிருந்தால் இது ரொம்ப முக்கியம், அவர்களுக்குப் பழைய வீடுதானே தெரியும்! அப்புறம் எல்லாரும் வயது வரிசையில் கும்பிடுகிறார்கள். மொழி தெரியாத மருமகளாக இருந்தால் தமிழிலேயே சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கோப்பையில் மதுவை ஒரே மூச்சில் நிரப்பிவிடாதீர்கள். மூன்று தடவையாக, இடைவெளி விட்டு, மூன்றில் ஒரு பங்காக ஊற்றுவது வழக்கம். விருந்தாளி நிதானமாகச் சாப்பிடுகிறார், நாம் பக்கத்தில் நின்று ஊற்றித் தருகிறோம். இந்த இடைவெளியில் வீட்டார் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் கோழித்தொடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தொடக்கூடாது.

சாப்பிட்டு முடித்தார்களா என்று கேட்பது

பத்தி மூன்றில் இரண்டு பங்கு எரிந்ததும் கேட்கலாம். கேட்பதற்கு 'புவே' என்ற சோடிக் கட்டை இருக்கிறது. மரத்தில் பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. இல்லாவிட்டால் இரண்டு நாணயம் போதும், வீடுகளில் பெரும்பாலும் நாணயம்தான். இரண்டு கையாலும் மூடிக் குலுக்கி, கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டை, ஒன்று குவிவாக விழுந்தால் 'ஆம்'. இரண்டும் தட்டைப்பக்கம் மேலே தெரிந்தால் அவர்கள் சிரிக்கிறார்கள், பதில் இல்லை. இரண்டும் குவிவாக மேலே இருந்தால் 'இல்லை'. நாணயத்தில் தலையும் பூவுமாக விழுந்தால் ஆம்.

இந்த இடத்தில்தான் வீடே கூடி நிற்கும். பாட்டி போடுகிறாள், 'இல்லை'. சற்று நேரம் விட்டு இன்னொரு தடவை, மறுபடியும் 'இல்லை'. உடனே எல்லாரும் மேசையை ஆராயத் தொடங்குவார்கள். சோயா சாஸ் வைக்கவில்லையா? சின்ன மகன் இன்னும் பத்தி பிடிக்கவில்லையா? மீனைத் திருப்பி வைத்துவிட்டோமா? எதையோ கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுப் போட்டால் 'ஆம்' விழும், வீடு முழுக்க ஒரு பெருமூச்சு. புள்ளியியல் தெரிந்தவர்கள் நாலு தடவை போட்டால் எப்படியும் விழும் என்பார்கள். அதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டாம். விடுபட்டது யார், எது என்று வருஷத்துக்குச் சில தடவை குடும்பமே உட்கார்ந்து யோசிக்க இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.

எரிப்பது

'ஆம்' விழுந்ததும் தாள். தங்கம் முதலில், வெள்ளி பிறகு, இரண்டையும் கலக்காதீர்கள். முன்னோருக்கான பொட்டலத்தின் மேல் அவர் பெயரையும் அனுப்புகிறவர் பெயரையும் எழுதும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. பெயரில்லாத பொட்டலம் யாருக்குப் போகும் என்று தெரியாதல்லவா?

தாளைக் கட்டாகத் தூக்கிப் போட்டால் நடுவில் வேகாமல் நின்றுவிடும். ஒவ்வொன்றாக, விரித்து, மெதுவாகப் போடுங்கள். எரியும்போது கம்பியால் குத்திக் கிளறக்கூடாது, கிழிந்த பணம் செல்லாது என்பது நம்பிக்கை. கிளறினால் சாம்பல் பறக்கும் என்பது நடைமுறை. வழியில் போகிறவர்கள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க அவர்களுக்கென்று கொஞ்சம் தாளைத் தனியாகத் தள்ளி எரித்துவிடுவார்கள். வட சீனாவில் தெருவில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, ஒரு பக்கம் திறப்பு விட்டு, அதற்குள் எரிப்பதும் இதே கவலையால்தான். எரிந்து முடிந்ததும் கோப்பையில் மிச்சமிருக்கும் மதுவைச் சாம்பலைச் சுற்றி வட்டமாக ஊற்றி முடிக்க வேண்டும்.

அடுக்குமாடி வீடானால் தாழ்வாரத்திலோ படிக்கட்டிலோ எரிக்கவே கூடாது. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) வட்டாரங்களில் நகர மன்றங்கள் கீழே இரும்புத் தொட்டிகள் வைத்திருக்கும், அதில்தான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமே நில்லுங்கள். தொட்டியை வாய்வரை நிரப்பாதீர்கள். நைலான் சேலை, துப்பட்டா வேண்டாம்.

மேசையை எடுத்து, சூடுபடுத்தி, குடும்பம் சாப்பிடலாம். முன்னோர் சாப்பிட்டது மணமும் சாரமும்; மிச்சம் நமக்கு.

அடுக்களையில் ஒரு சின்ன மேசை

இது தைவான் வீடுகளில் முக்கியம், மற்ற இடங்களில் பலர் செய்வதில்லை. 'தே கி சூ' என்பவர் மனையின் உரிமையாளர். நாம் குடிவருவதற்கு முன் அந்த நிலத்தில் வாழ்ந்து இறந்தவர் என்பது பரவலான நம்பிக்கை. ஆவியாகவும் சொல்ல முடியாது, தெய்வமாகவும் சொல்ல முடியாது, காவல்காரராகிவிட்டார். மாலை மயங்கும் முன், அடுக்களைப் பக்கம், தாழ்வான மேசையில் படைப்பார்கள். அவர் குள்ளம், மேசை உயரமானால் எட்டாதாம். சாதாரண வீட்டுச் சாப்பாடு, பெரும்பாலும் கோழித்தொடையோடு. வேலைக்குப் போகிறவர்கள் கோழித்தொடைப் பொட்டலச் சோறு ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறார்கள், அவரும் கோபித்ததாகத் தெரியவில்லை. வாடகை வீட்டுக்குப் புதிதாகப் போனாலும் இவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது என்பார்கள்.

வெளி மேசை: நல்ல சகோதரர்களுக்கு

பொழுது சாயத் தொடங்கிய பிறகு. தைவானில் பிற்பகலில், சிங்கப்பூரில் பெரும்பாலும் இருட்டிய பிறகு. மேசை வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும், ஒரு கால்கூட நிலைப்படிக்குள் வரக்கூடாது. நீங்கள் வெளியே பார்த்து நின்று கும்பிட வேண்டும். பெயர் சொல்லி யாரையும் அழைக்க வேண்டாம், உள்ளே வாருங்கள் என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். இந்த விருந்து வாசலோடு சரி.

மேசைக்கு முன்னால் தரையில் ஒரு தட்டத்தில் தண்ணீர், புதுத் துண்டு. நெடுந்தூரம் நடந்து வருகிறவர்கள் கை முகம் கழுவட்டும். சில வீடுகளில் சீப்பும் கண்ணாடியும்கூட இருக்கும். மேசையில் சோறு, கொஞ்சம் கறி, நூடுல்ஸ் பொட்டலம், பிஸ்கட், டின் பானம், பீர், பற்றவைத்த சிகரெட். முன்னோர் மேசைபோல இங்கே ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சமைக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும், அளவுதான் முக்கியம். மாமிசத்துக்குச் சிறிய மூன்று போதும்: ஒரு முட்டை, ஒரு துண்டு பன்றி இறைச்சி, ஒரு காய்ந்த கணவாய் அல்லது டோஃபு.

வாழைப்பழம், அன்னாசி, பேரி, பிளம் நான்கையும் இந்த மேசையில் சேர்த்து வைக்காதீர்கள். தைவானில் அந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் 'உன்னை அழைக்கிறேன், வா' என்பதுபோல் ஒலிக்கும். வந்து சாப்பிட்டுப் போவதற்குத்தான் அழைப்பு, கூடவே தங்குவதற்கு இல்லை. இதையே நாசூக்காகச் சொல்ல கங்குங் கீரை சூப் வைப்பவர்கள் உண்டு. நம் ஊர் வள்ளைக்கீரைதான். தண்டு உள்ளே வெற்று, அதேபோல விருந்து கொடுப்பவர் மனசிலும் உங்களைத் தங்க வைக்கும் எண்ணம் இல்லை என்று அர்த்தம். இவ்வளவு மரியாதையாக ஒருவரை அனுப்பிவைக்கும் வேறு கீரை உலகத்தில் இருக்குமா தெரியவில்லை.

பத்தி இங்கே ஒரு பாத்திரத்தில் மட்டும் நிற்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒன்று குத்த வேண்டும், பிஸ்கட் பொட்டலமானால் பொட்டலத்தின் மேலேயே. பத்தி இருக்கும் தட்டுதான் திறந்திருக்கிறது, சாப்பிடலாம் என்று பொருள். சிங்கப்பூரில் தரையிலும் புல்லோரத்திலும் வரிசையாக மெழுகுவத்தியும் பத்தியும் நடுவார்கள். கான்டனீஸ் வீடுகளில் இதற்குத் தனிப் பட்டியல்: டோஃபு, பயற்றுமுளை, சோறு, வேர்க்கடலை, கொஞ்சம் சில்லறைக் காசு. தெருவோரத்தில் எரிக்கும்போது காசை வீசுவார்கள்.

பத்தி முக்கால்வாசி எரிந்ததும் முதலில் துணி அச்சிட்ட தாள், பிறகு சிறிய வெள்ளித் தாள். இங்கே நாணயம் போட்டுச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது பெரும்பாலான வீடுகளில் கிடையாது. தைவானில் கடைசியாக உப்பும் அரிசியும் கலந்து வெளிப்பக்கமாக வீசுவார்கள். கிளம்ப மனமில்லாதவர்களுக்கு அது கிளம்பும் நேரம் என்ற அறிவிப்பு. தட்டத்துத் தண்ணீரை வெளியிலேயே கொட்டுங்கள்.

சாப்பாட்டை என்ன செய்வது? தைவானில் பொட்டலமும் டின்னும் வீட்டுக்குள் வரும், சாப்பிடுவார்கள், கொஞ்சம் தானமாகவும் போகும். சிங்கப்பூரில் தெருவோரம் வைத்ததை யாரும் எடுத்துச் சாப்பிடுவதில்லை. அதற்காக அப்படியே விட்டுவிட்டு வருவதும் சரியில்லை. பத்தி அணைந்ததும் பெருக்கிக் குப்பையில் போடுங்கள், எலிக்கும் புறாவுக்கும் விருந்து வைக்கும் நோக்கம் நமக்கு இல்லை.

புதிதாக இறந்தவர் வீட்டில்

முதல் ஆண்டுக்குள் இறந்தவர் இன்னும் முன்னோர் ஆகவில்லை. அவருக்குத் தனிப் பலகை, தனிப் பத்திக் கிண்ணம், தனிப் படையல். பிறைக் கணக்கில் ஒரு வருஷம் முடிந்து நாள் பார்த்து, அவருடைய கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து முன்னோர் கிண்ணத்தில் போட்டுக் கலப்பார்கள். பெயரைக் குடும்பப் பலகையில் எழுதிச் சேர்ப்பார்கள். அந்த ஒரு சிட்டிகைச் சாம்பலோடு அவர் தனி ஆள் இல்லை, மேசையில் மற்றவர்களோடு உட்காருகிறவர். இந்தத் துக்க ஆண்டில் சிவப்புப் பலகாரம் பல வீடுகளில் கிடையாது.

இடமும் நேரமும் இல்லாதவர்களுக்கு

பலகை வைக்கப் பிள்ளைகள் வீட்டில் இடமில்லை என்பதால் கோயிலிலோ அஸ்திமாடத்திலோ வைத்துவிடுகிறவர்கள் இப்போது ஏராளம். படையலை அங்கேயே கொண்டுபோகலாம். புகையைக் குறைக்கும் போக்கும் வலுத்திருக்கிறது. தைப்பேயில் சிங்தியன் கோயில் 2014 ஆகஸ்ட் 26 முதல் பத்திக் கிண்ணங்களையும் படையல் மேசைகளையும் எடுத்தே விட்டது. வெறுங்கையால் கும்பிட்டால் போதும் என்றார்கள். அன்றைக்குச் சர்ச்சை ஆனது, கோயில் இன்றும் கூட்டமாகத்தான் இருக்கிறது. தைவானின் நகராட்சிகள் தாளைச் சேகரித்து ஒரே இடத்தில் எரித்துக்கொடுக்கின்றன. தாளுக்குப் பதில் அரிசி வாங்கித் தானம் கொடுக்கும் திட்டங்களும் உண்டு. குறைத்துச் செய்வதானால் தாளைக் குறையுங்கள், அழைப்பதையும் ஊற்றுவதையும் குறைக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

நீங்கள் அக்கம்பக்கத்தவர் என்றால்

பத்தி நட்ட இடத்தைச் சுற்றிப் போங்கள். மிதித்துவிட்டால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தால் போதும். பறக்கும் சாம்பல் உங்கள் கொடியில் காயும் துணியில் விழும்தான். படைக்கும் வீட்டாரிடம் நேரம் கேட்டுவைத்துக்கொண்டு, சண்டை போடாமல் துணியை முன்னாடியே எடுத்துவிடுங்கள். ஏழாம் மாதத்தில் நடக்கும் கேதாய் மேடைக் கச்சேரிக்குப் போனால் முதல் வரிசை நாற்காலி காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள், அது நல்ல சகோதரர்களுக்கு ஒதுக்கியது. பினாங்கில் கூட்டுப் பூசை நடக்கும் இடங்களில் நீலமுகத்தோடு உயரமாக நிற்கும் காகித உருவம் தாய் சூ யா, ஆவிகளுக்கெல்லாம் அதிகாரி. பயங்கரமான அந்தத் தலையை அண்ணாந்து பார்த்தால் உச்சியில் சின்னதாகக் குவான்யின் தேவி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கோப முகமும் அவளுடைய அவதாரம்தான்.

கூட்டுப் பூசைகளில் பெரியது பார்க்க ஆசையென்றால் தைவானின் கீலுங் துறைமுகத்துக்குப் போகலாம். அங்கே குடியேறியவர்களுக்குள் நடந்த அடிதடியில் பலர் செத்தபின், 1855 முதல் குலப்பெயர் வாரியாக முறைவைத்து ஆண்டுக்கு ஒரு குலம் பூசையை ஏற்று நடத்துகிறது. ஏழாம் மாதம் 14ஆம் நாள் இரவு வீடு வடிவக் காகித விளக்குகளைக் கடலில் தள்ளி எரியவிடுவார்கள், தண்ணீரில் மாண்டவர்களுக்கு வழிகாட்ட. ஹாங்காங்கில் தியோச்சிவ் என்ற சீனப் பிரிவினர் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்காக நடத்தும் யூலான் விழா 2011இல் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

மாதத்தின் கடைசி நாள் மறுபடியும் வாசலில் ஒரு படையல் உண்டு. பெரியது வேண்டாம், சோறு, பத்தி, கொஞ்சம் தாள் போதும். அன்றைக்கு இருட்டியபின் சீக்கிரம் முடித்துவிடுங்கள், கதவு மூடுவதற்குள் அவர்களும் போய்ச் சேர வேண்டும்.